கர்ணம் எவ்வளவு? ஒரு பாட்டும் ஒரு தேற்றமும்

கடந்த ஆண்டு நம் கழகத்தின் கண்காட்சிக்கு ஆயத்தப் பணிகள் நடந்துகொண்டிருந்தபோது புலனக்குழுவில் ஒரு செய்தி வந்தது. நம்மில் பெரும்பாலோர் எப்போதாவது ஒரு முறையாவது கண்டிருக்கக்கூடிய செய்திதான். பித்தாகரஸ் பிறப்பதற்கு முன்பே போதையனார் என்னும் தமிழ்ப் புலவர் செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் காணும் வழியை நான்கே அடிகளில் பாடிவிட்டாராம். அதுவும் வர்க்கம் வேண்டாம், வர்க்கமூலம் வேண்டாம், எளிய வகுத்தலும் கூட்டலும் போதுமாம்! கீழே பாடல். அதற்கும் கீழே 3, 4, 5 என்று ஓர் எடுத்துக்காட்டு. நூலின் பெயர் இல்லை, காலம் இல்லை. தமிழராய் இருந்தால் பகிரவும் என்று மட்டும் இருந்தது.

ஐந்து நிமிடத்தில் நாற்பது கைதட்டல் படங்கள் விழுந்தன. அதைப் பெரிய பதாகையாக அடித்துக் கண்காட்சி நுழைவாயிலில் வைப்பது என்று குழு முடிவு செய்தது. பொறுப்பு என் தலையில் விழுந்தது. "நீதானே பொறியியல் படிக்கிற, கணக்கை மட்டும் ஒரு தடவை பார்த்துக் கொடுத்துடு" என்றார் தலைவர். எனக்கும் மகிழ்ச்சிதான். கைதட்டியவர்களுள் நானும் ஒருத்தி.

அந்தக் கணக்கைப் பார்த்த கதைதான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன், இந்தத் தேற்றத்துக்கும் எனக்கும் இருந்த பழைய வழக்கைச் சொல்லியாக வேண்டும்.

'தெகாக்' என்றால் நிமிர்ந்து நிற்பது

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் முக்கோணம், செவ்வகம், பரப்பளவு, சுற்றளவு என்று படித்தவள் நான். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதே உருவங்கள் 'செகி தீகா', 'லுவாஸ்', 'பெரிமீட்டர்' என்று வேறு பெயர்களில் வந்து நின்றன. தமிழ்ப்பள்ளியிலிருந்து சென்ற உங்களுக்கு இது புதிதல்ல. பழகிய நண்பர்கள் முகமூடி போட்டுக்கொண்டு வந்ததுபோல இருக்கும். கொஞ்ச நாளில் பழகிவிடும். எனக்கும் பழகிவிட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர.

படிவம் 2-இல் 'தியோரம் பித்தாகரஸ்' பாடம் வந்தது. செங்கோண முக்கோணத்துக்கு மலாயில் 'செகி தீகா பெர்சூடுட் தெகாக்' என்று பெயர். 'தெகாக்' என்றால் நிமிர்ந்து நிற்பது என்றுதான் எனக்குத் தெரியும். ஆகவே அந்த முக்கோணம் சுவரைப்போல நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றும், சாய்ந்திருக்கும் கோடுதான் 'ஹிப்போட்டெனுஸ்' என்றும் மனத்தில் பதித்துக்கொண்டேன். பாடநூலின் முதல் ஐந்து படங்களும் அப்படித்தான் இருந்தன. யாரையும் குறை சொல்ல முடியாது.

தேர்வில் முக்கோணத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். மிக நீளமான பக்கம் தரையில் படுத்திருந்தது, செங்கோணம் உச்சியில் இருந்தது. படுத்திருந்த பக்கம் 13, சாய்ந்திருந்த ஒரு பக்கம் 5, மற்றொரு சாய்ந்த பக்கம் எவ்வளவு என்று கேள்வி. சாய்ந்த கோடுதானே கர்ணம்? 169-ஐயும் 25-ஐயும் கூட்டி, 194-இன் வர்க்கமூலத்தை எழுதிவைத்தேன். சரியான விடை 169-இலிருந்து 25-ஐக் கழித்தால் வரும் 144, அதன் வர்க்கமூலம் 12. விடைத்தாளில் ஒரு பெரிய சிவப்புக் கோடு. காரணம் எழுதப்படவில்லை. நானும் கேட்கவில்லை. மலாயில் எப்படிக் கேட்பது என்று தெரியாத கேள்வி அது.

தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன், கர்ணம் என்பது சாய்ந்த கோடு அல்ல. செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் பக்கம்தான் கர்ணம். முக்கோணத்தை எப்படிச் சுழற்றினாலும், தலைகீழாகத் தொங்கவிட்டாலும், எந்தப் பக்கம் செங்கோணத்தைத் தொடாமல் இருக்கிறதோ அதுவே கர்ணம். மூன்று பக்கங்களில் மிக நீளமானதும் அதுவே. தமிழ்ச் சொல்லையே கொஞ்சம் நினைத்துப் பார்த்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். செங்கோணம் என்பதில் 'நிமிர்தல்' இல்லை, 'செம்மை'தான் இருக்கிறது. படுத்திருந்தாலும் செம்மை செம்மைதான்!

பிறகு சூத்திரத்தை மனப்பாடம் செய்து, எங்கே கூட்டுவது எங்கே கழிப்பது என்று பழகி, எஸ்.பி.எம். தாண்டி, குடிசார் பொறியியலுக்கும் வந்துவிட்டேன். ஏன் வர்க்கம், ஏன் கூட்டல் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

8, 15, 17

பாட்டு சொல்லும் வழி இதுதான். முக்கோணத்தின் நீளத்தை எட்டுச் சம பங்காக்கி ஒரு பங்கை நீக்க வேண்டும். மீதியோடு உயரத்தில் பாதியைக் கூட்ட வேண்டும். அதுவே கர்ணம்.

நீளம் 4, உயரம் 3 என்று வைத்துக்கொள்வோம். 4-இல் எட்டில் ஒரு பங்கு 0.5, நீக்கினால் 3.5. உயரத்தில் பாதி 1.5. கூட்டினால் 5. அட! நீளம் 12, உயரம் 5 என்றால் 12-இலிருந்து 1.5 போக 10.5, அதோடு 2.5 சேர 13. மீண்டும் சரி! இரண்டு எடுத்துக்காட்டு போதும் என்று பதாகைக்கான வரைவைக்கூடத் தொடங்கிவிட்டேன்.

சனிக்கிழமைகளில் நம் கழகம் ஒரு மண்டபத்தில் இலவசக் கணித வகுப்பு நடத்துகிறது. வருபவர்கள் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளியிலிருந்து சென்ற படிவம் 1 மாணவர்கள். அன்றைக்குப் பதினொரு பேர். பாடம் எங்கே என்று பார்த்தால் பித்தாகரஸ்! கண்காட்சிக்கு ஓர் ஒத்திகையாக இருக்கட்டும் என்று பாட்டின் வழியை வெண்பலகையில் எழுதினேன். வகுப்பே துள்ளியது. வர்க்கமூலம் வேண்டாம் என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்காது?

முதல் வரிசையில் இருந்த தம்பி ஒருவன் பாடநூலின் அடுத்த கணக்கை எடுத்துக்கொண்டான். 8, 15. விடை 17 என்று பின்பக்கத்தில் இருக்கிறது. "அக்கா, எனக்கு 17.125 வருது." கூட்டிப் பார்த்தேன். 15-இலிருந்து 1.875 போக 13.125, அதோடு 4 சேர 17.125. தவறில்லை. "பக்கத்துல இருக்கிற முழு எண்ணுக்கு மாத்திக்கணுமோ?" என்று அவனே ஒரு வழியும் கண்டுபிடித்தான். நான் கொஞ்சம் நிம்மதியடைந்தேன். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு தங்கை, "நீளம் 3, உயரம் 4 போட்டா 4.625 வருதே, அக்கா?" என்றாள். பெரிய பக்கத்தைத்தான் நீளமாகக் கொள்ள வேண்டும் என்று சமாளித்தேன். பாட்டில் அப்படி ஒரு விதி இல்லை. நானாகச் சேர்த்தேன்.

7, 24 போட்டோம். 24.5 வந்தது, உண்மையில் 25. இரண்டும் 10 என்று போட்டோம். 13.75 வந்தது, உண்மையில் 14.14. பிறகு அந்தத் தம்பி சும்மா இருக்காமல் நீளம் 8, உயரம் 1 என்று போட்டான். 8-இலிருந்து 1 போக 7. அரை சேர 7.5.

"கர்ணம் 8-ஐ விடச் சின்னதா இருக்கே!"

வகுப்பு சிரித்தது. மிக நீளமான பக்கம் என்று பத்து நிமிடத்துக்கு முன் நானே சொல்லியிருந்தேன். எட்டு மீட்டர் நீளச் சுவரின் ஒரு முனையிலிருந்து சாய்வாகப் போகிறவன், நேராகப் போகிறவனைவிடக் குறைந்த தொலைவு நடப்பானா? உயரம் நீளத்தில் கால் பங்குக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் இந்தக் கோளாறு வரும் என்று பிறகு கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன்.

அதற்கு மேல் கேட்டாள் பின்வரிசைத் தங்கை. "அப்ப வர்க்கம் போட்டா மட்டும் எப்பவுமே ஏன் சரியா வருது? அதுவும் ஏதாவது ஒரு முக்கோணத்துக்குத் தப்பா வராதா?"

எனக்கு விடை தெரியவில்லை. மூன்றாம் ஆண்டுப் பொறியியல் மாணவி, நூற்றுக்கணக்கான கணக்குகளில் அந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தியவள், வெண்பலகைப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன்.

மணிலா அட்டையில் ஒரு நிரூபணம்

அடுத்த வாரம் எடுத்துச் சென்றது மணிலா அட்டையும் கத்தரிக்கோலும்தான். இந்தத் தேற்றத்துக்கு நூற்றுக்கணக்கான நிரூபணங்கள் உள்ளன. எலிஷா லூமிஸ் என்ற அமெரிக்க ஆசிரியர் தொகுத்த நூலின் 1940-ஆம் ஆண்டுப் பதிப்பில் மட்டும் 370 இருக்கின்றன. எனக்கு வேண்டியது பதின்மூன்று வயதுப் பிள்ளை கையால் செய்து பார்க்கக்கூடிய ஒன்று. நீங்களும் செய்து பாருங்கள், பதினைந்து நிமிடம்தான் ஆகும்.

ஒரே அளவில் நான்கு செங்கோண முக்கோணங்களை வெட்டிக்கொள்ளுங்கள். செங்கோணத்தைத் தொடும் பக்கங்கள் 6 சென்டிமீட்டரும் 8 சென்டிமீட்டரும் இருக்கட்டும். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் பக்கம் 14 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரத்தை வரையுங்கள். இதைச் சட்டம் என்று அழைப்போம். ஏன் 14? 6-ஐயும் 8-ஐயும் கூட்டினால் 14.

முதல் அடுக்கு. சட்டத்தின் நான்கு மூலைகளிலும் முக்கோணங்களின் செங்கோணங்களைப் பொருத்துங்கள். ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு முக்கோணத்தின் 6-உம் அடுத்த முக்கோணத்தின் 8-உம் வரிசையாக அமையும்படி வைக்க வேண்டும். இப்போது நடுவில் ஒரு வெற்றிடம் தெரியும். அதன் நான்கு பக்கங்களும் நான்கு கர்ணங்கள். அது சதுரம்தானா, சாய்சதுரமா? பார்வையை நம்ப வேண்டாம். சட்டத்தின் விளிம்பில் இரு முக்கோணங்கள் சந்திக்கும் புள்ளியைப் பாருங்கள். அங்கே ஒரு முக்கோணத்தின் சிறிய கோணம், நடுவில் வெற்றிடத்தின் கோணம், மறுபக்கம் அடுத்த முக்கோணத்தின் பெரிய குறுங்கோணம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு நேர்க்கோடு, அதாவது 180 பாகை. செங்கோண முக்கோணத்தில் இரு குறுங்கோணங்களின் கூட்டு 90 பாகை. மீதி 90 பாகை வெற்றிடத்துக்கு. ஆகவே அது சதுரமே. அதன் பரப்பளவு கர்ணத்தின் வர்க்கம்.

இரண்டாம் அடுக்கு. அதே நான்கு முக்கோணங்களை இரண்டிரண்டாகக் கர்ணத்தோடு கர்ணம் சேர்த்து இரு செவ்வகங்கள் ஆக்குங்கள். ஒரு செவ்வகத்தைச் சட்டத்தின் மேல் வலது மூலையில் படுக்க வையுங்கள், மற்றதைக் கீழ் இடது மூலையில் நிறுத்தி வையுங்கள். இப்போது வெற்றிடம் இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒன்று பக்கம் 6 உள்ள சதுரம், மற்றது பக்கம் 8 உள்ள சதுரம்.

சட்டம் மாறவில்லை. முக்கோணங்கள் மாறவில்லை. அப்படியானால் மூடப்படாத இடமும் மாறியிருக்க முடியாது. முதலில் ஒரே சதுரமாக இருந்த வெற்றிடம் பிறகு இரண்டு சதுரங்களாக இருக்கிறது. எண்களால் பார்த்தாலும், சட்டம் 196, நான்கு முக்கோணங்கள் 96, மீதி 100. மறுபக்கம் 36-உம் 64-உம், அதுவும் 100. ஆனால் கவனியுங்கள், இந்த வாதத்தில் 6-உம் 8-உம் எங்கேயும் தேவைப்படவில்லை. எந்த அளவில் வெட்டினாலும் இதே சொற்களைத் திரும்பச் சொல்லலாம். தங்கையின் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. தேற்றம் ஆயிரம் முக்கோணங்களைச் சோதித்துப் பார்த்துச் சொல்லப்பட்டதல்ல. விதிவிலக்கு நுழைய வழியே இல்லாதபடி கட்டப்பட்டது.

செங்கோணம் எங்கே தேவைப்பட்டது என்பதையும் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். செங்கோணம் இல்லாத முக்கோணத்தை வெட்டினால் அது சட்டத்தின் மூலையிலேயே பொருந்தாது.

என்னைப் பொறுத்தவரை, வர்க்கம் என்பது ஒரு எண்ணின் தலையில் உட்கார்ந்திருக்கும் குட்டி 2 என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது உண்மையிலேயே ஒரு சதுரம் என்று அன்றுதான் கண்ணால் கண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

பாட்டின் வழி எங்கே சரி?

பதாகைக்கு வருவோம். பாட்டின் வழி 4, 3-க்கும் 12, 5-க்கும் சரியாக வருகிறது. வேறு எதற்கெல்லாம் வரும்? இதைச் சோதித்துச் சோதித்துத் தேட வேண்டியதில்லை. படிவம் 4 இயற்கணிதம் போதும்.

நீளத்தை 'நீ' என்றும் உயரத்தை 'உ' என்றும் வைத்துக்கொள்வோம். (இது உங்களைக் குறிக்கும் 'நீ' அல்ல!) பாட்டின்படி கர்ணம், நீளத்தில் எட்டில் ஏழு பங்கும் உயரத்தில் பாதியும் சேர்ந்தது. அதன் வர்க்கமும் நீ² + உ² என்பதும் சமமாக இருந்தால்தான் விடை சரி. பின்னங்களை நீக்க இருபுறமும் 64-ஆல் பெருக்கினால்,

(7நீ + 4உ)² = 64நீ² + 64உ²

இடப்பக்கத்தை விரித்தால் 49நீ² + 56நீ×உ + 16உ². எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்தால்,

15நீ² − 56நீ×உ + 48உ² = 0

இதைக் காரணிப்படுத்தினால்,

(3நீ − 4உ) × (5நீ − 12உ) = 0

இந்த வரி வந்தபோது இரவு ஒரு மணி. அறைத்தோழி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் தனியாகச் சிரித்தேன். இரண்டே இரண்டு வடிவங்கள்! நீளமும் உயரமும் 4-க்கு 3 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும், அல்லது 12-க்கு 5 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். இவற்றின் மடங்குகளுக்கும் (8, 6, 24, 10 முதலியன) வரும். வேறு எந்தச் செங்கோண முக்கோணத்துக்கும் வரவே வராது. செய்தியில் இருந்த எடுத்துக்காட்டு பொய்யல்ல. சரியாக வரக்கூடிய இரண்டில் ஒன்றை எடுத்துப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

பின்னத்தை மாற்றினால் இன்னும் நல்ல வழி கிடைக்குமா? எட்டில் ஏழுக்குப் பதில் வேறு ஏதாவது? கிடைக்காது. கர்ணம் 1 ஆக இருக்கும் எல்லா நீள உயரங்களையும் வரைபடத்தாளில் குறித்தால் அவை ஒரு வட்டத்தின் மீது விழும். நீளத்தில் இத்தனை பங்கு, உயரத்தில் இத்தனை பங்கு என்று கூட்டும் எந்த வழியும் அதே தாளில் ஒரு நேர்க்கோடாகத்தான் விழும். ஒரு நேர்க்கோடு ஒரு வட்டத்தை அதிகம் போனால் இரண்டு இடங்களில்தான் வெட்டும். ஆகவே வர்க்கமூலம் இல்லாத இப்படிப்பட்ட வழி எதுவானாலும், இரண்டு வடிவங்களுக்கு மேல் துல்லியமாக இருக்க முடியாது.

இன்னொன்றும் கண்டேன். 4, 3, 5 என்பதும் 12, 5, 13 என்பதும் தெரிந்த ஒருவர், இவ்விரண்டுக்கும் பொருந்தும் இரண்டு பின்னங்களைத் தேடினால் கிடைப்பவை எட்டில் ஏழும் அரையும் மட்டுமே. வேறு பின்னங்களே இல்லை. ஆகவே இந்த வழியை அமைத்தவர் யாராக இருந்தாலும் அவ்விரு முக்கோணங்களையும் நன்றாக அறிந்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் முட்டாள் அல்லர். அவ்விரு வடிவங்களுக்கும் இடைப்பட்ட முக்கோணங்களில், அதாவது ஏறத்தாழ 23 பாகையிலிருந்து 37 பாகை வரை சரிவுள்ள கூரைகளில், இந்த வழியின் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டாது. பத்து மீட்டர்க் கைமரத்துக்கு எட்டு சென்டிமீட்டர்கூட மிகாது. அதுவும் கூடுதலாகத்தான் காட்டும், குறைவாகக் காட்டாது. மரத்தை வெட்டுகிறவருக்குக் கூடுதல் இருந்தால் நறுக்கிவிடலாம், குறைந்தால்தான் வம்பு. நம்முடைய பழைய பின்ன வாய்பாட்டில் எட்டில் ஒன்றுக்கு அரைக்கால் என்று தனிப்பெயரே உண்டு. அரைக்காலும் அரையும் நாவில் புழங்கிய தச்சருக்கு இது மனக்கணக்காகவே முடிந்துவிடும். நல்ல தொழில் வழி. தேற்றம் அல்ல.

பெருமைப் பட்டியல்

"நம்ம பெருமைய நாமே குறைக்கணுமா?" என்று குழுவில் ஒரு மூத்த அண்ணன் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

பித்தாகரஸ் பெயர்கூட ஒரு பட்டம்தான். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் எழுதிய நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. இன்று நமக்குக் கிடைக்கும் பழைய முறையான நிரூபணம் ஏறத்தாழ கி.மு. 300-இல் யூக்ளிட் எழுதிய நூலின் முதல் பகுதியில், 47-ஆவது கூற்றாக இருக்கிறது. ஆனால் கணக்கு அதைவிடப் பழையது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உள்ள 'பிளிம்ப்டன் 322' என்னும் பாபிலோனியக் களிமண் பலகை ஏறத்தாழ கி.மு. 1800-ஐச் சேர்ந்தது. அதன் ஒரு வரியில் 12,709, 18,541 என்ற எண்கள் இருக்கின்றன. மூன்றாவது பக்கம் 13,500. கணிப்பொறியில் போட்டுப் பாருங்கள், வர்க்கங்கள் ஒரு இலக்கம் பிசகாமல் பொருந்தும். இப்படிப்பட்ட எண்கள் தற்செயலாக மாட்டுவதில்லை. (பாட்டின் வழியில் 18,541-க்குப் பதில் 18,167 வரும்.)

இந்தியத் துணைக்கண்டத்திலும் இருக்கிறது. வேள்விக் குண்டங்களைக் கயிற்றால் அளந்து கட்டும் விதிகளைச் சொல்லும் போதாயன சுல்வ சூத்திரம் வடமொழி நூல். அதன் காலம் பொதுவாக கி.மு. 800-க்கும் 500-க்கும் இடையில் வைக்கப்படுகிறது. செவ்வகத்தின் இரு பக்கங்கள் தனித்தனியே உண்டாக்கும் பரப்புகளை அதன் மூலைவிட்டம் ஒன்றாகவே உண்டாக்குகிறது என்று அது சொல்கிறது. எல்லாச் செவ்வகங்களுக்கும் பொதுவான கூற்று அது. 2-இன் வர்க்கமூலத்துக்கு அது தரும் மதிப்பு 408-இல் 577 பங்கு, அதாவது 1.41421 வரை சரி. பாட்டின் வழியில் அதே இடத்தில் 1.375 வருகிறது. கணிதம் தெரிந்த ஒருவர் நம் பதாகையின் முன் நின்று இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பெருமை எந்தப் பக்கம் சாயும்?

தமிழில் பெருமைப்பட வேண்டுமா? பெயர் தெரிந்த நூலாகக் காரிநாயனாரின் கணக்கதிகாரம் இருக்கிறது. வட்டத்தின் பரப்பைக் காண, சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு என்று அது சொல்கிறது. சோதித்துப் பாருங்கள், எல்லா வட்டங்களுக்கும் சரி. பாதிச் சுற்றளவு பையும் ஆரமும் பெருகியது, பாதி விட்டம் ஆரம். பெருக்கினால் நாம் பள்ளியில் படித்த அதே சூத்திரம். இதை ஏன் யாரும் புலனத்தில் பகிர்வதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. பித்தாகரஸ் என்ற பெயரோடு போட்டி இல்லாததாலோ என்னவோ!

மாமாவின் கயிறு

விடுமுறையில் ஊருக்குப் போனபோது மாமா எங்கள் வீட்டின் பின்கட்டுக்குச் சமையலறை நீட்டிக்க அடித்தளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் முப்பது ஆண்டுகளாகக் கட்டட வேலை செய்பவர். பழைய சுவரோரமாக ஒரு நூலைக் கட்டி, அதற்குச் செங்குத்தாக இன்னொரு நூலைக் கட்ட வேண்டும். மூலையிலிருந்து ஒரு நூலில் 6 அடியில் ஓர் ஆணி, மற்றதில் 8 அடியில் ஓர் ஆணி. இரண்டு ஆணிகளுக்கும் நடுவே அளவுநாடாவைப் பிடித்தார். 10 அடி 2 அங்குலம். நூலை உள்ளே தள்ளினார். 10 அடி ஆனதும் முளையை அடித்து இறக்கிவிட்டார்.

"மாமா, இது பித்தாகரஸ்" என்றேன்.

"இது கணக்கு இல்லம்மா, பழக்கம்" என்றார்.

உண்மையில் மாமா செய்தது பித்தாகரஸ் தேற்றம் அல்ல, அதன் மறுதலை. தேற்றம் சொல்வது, செங்கோணம் இருந்தால் வர்க்கங்கள் பொருந்தும். மாமாவுக்குத் தேவை, வர்க்கங்கள் பொருந்தினால் செங்கோணம் இருக்கும் என்ற உறுதி. இரண்டும் ஒன்றல்ல. மழை பெய்தால் சாலை நனையும். சாலை நனைந்திருந்தால் மழை பெய்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல வேளையாக இங்கே மறுதலையும் உண்மை. யூக்ளிட் அடுத்த கூற்றாக, 48-ஆவதாக, அதையும் நிறுவியிருக்கிறார். வழி எளிது. 6-உம் 8-உம் செங்கோணத்தில் சந்திக்கும் இன்னொரு முக்கோணத்தைக் கற்பனை செய்யுங்கள். தேற்றப்படி அதன் கர்ணம் 10. மாமாவின் முக்கோணமும் 6, 8, 10. மூன்று பக்கங்களும் சமமான இரு முக்கோணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும். ஆகவே மாமாவின் மூலையும் செங்கோணமே.

மாமாவிடம் பாட்டின் வழியையும் சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் விரலால் கணக்குப் போட்டவர், "கூரைக்கு ஆகும், மூலைக்கு ஆகாது" என்றார். இரவு ஒரு மணி வரை நான் உட்கார்ந்து கண்டதை!

நுழைவாயிலில்

பதாகை வைத்தோம். தலைப்பை மட்டும் மாற்றினோம். "பித்தாகரசுக்கு முன்பே தமிழர்" என்றிருந்த இடத்தில் "இந்த வழி எந்த முக்கோணங்களுக்குச் சரி?" என்று போட்டோம். பாட்டின் வழி, கீழே ஐந்து முக்கோணங்கள், பக்கத்தில் ஒரு மேசையில் அளவுகோல், மணிலா அட்டை முக்கோணங்கள், சட்டம். மற்றொரு மூலையில் கணக்கதிகாரத்தின் வட்டமும் ஒரு நூற்கயிறும். வருத்தப்பட்ட அண்ணன்தான் இரண்டு நாளும் அந்த மேசையில் நின்றார். பொறியியல் புலத்திலிருந்து வந்த மலாய், சீன நண்பர்கள் பாட்டு என்ன சொல்கிறது என்று கேட்டு, அவர்களே கணக்குப் போட்டு, 8, 15-இல் வந்து மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளும் வந்தார்கள். அந்தத் தம்பி யாரும் கேட்காமலேயே வருகிறவர்களிடமெல்லாம் "எட்டும் ஒண்ணும் போட்டுப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அட்டை முக்கோணங்களும் சட்டமும் கழக அறையின் இரும்பு அலமாரியில், கீழ்த்தட்டில் இருக்கின்றன. வகுப்பெடுக்கும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நான்கில் ஒரு முக்கோணத்தின் முனை மடங்கிவிட்டது. அதை மட்டும் புதிதாக வெட்டிக்கொள்ளவும், 6-உம் 8-உம்.